இரண்டு பன்றிகளும் ஏழாண்டுத் தீவாந்தரமும்: ஜான் கெல்லியின் வாழ்க்கை

ஆஸ்திரேலியக் கொள்ளையர் நெட் கெல்லியின் தந்தை வெறும் இரண்டு பன்றிகளைத் திருடியதற்காகவா கடல் கடத்தப்பட்டார், அப்படி அனுப்பப்பட்டவர் அங்கே எப்படி வாழ்ந்தார், அவர் திருடரே அல்லர், அயர்லாந்தின் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தியவர் என்று சிலர் சொல்வது மெய்யா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை, ஆம் என்பதே. மற்ற இரண்டுக்கும் சற்று விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும். மகனைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். தந்தையோ அந்தக் கதையின் முன்னுரையில் சில வரிகளோடு முடிந்துபோகிறார். பிரிட்டனும் அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளாகக் கடத்திய ஏறத்தாழ 1,62,000 பேரில் பெரும்பாலோருக்கு நேர்ந்தது என்ன என்று அறிய விரும்புகிறவருக்கு மகனைவிடத் தந்தையின் வாழ்க்கையே அதிகம் சொல்லும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜான் கெல்லி 1820இல் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில், மாய்க்ளாஸ் அருகிலுள்ள க்ளான்ப்ரோகன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தலைமுடி செம்பட்டையாக இருந்ததால் அவரை எல்லோரும் 'ரெட்' கெல்லி என்றே அழைத்தார்கள். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அயர்லாந்தின் மக்கள்தொகை 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களில் மிகப் பலர் பிறர் நிலத்தில் குத்தகைக்குப் பயிரிட்டோ கூலிக்கு உழைத்தோ பிழைத்தவர்கள். ஓர் ஏக்கருக்கும் குறைவான துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டு, ஆண்டின் பெரும்பகுதி அதையே தின்று உயிர் வாழ்ந்த குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருந்தன. கிழங்கு வயிற்றுக்கு, பன்றி வாடகைக்கு என்பதுதான் அந்தக் குடிசைகளின் கணக்கு. உதவாத சிறு கிழங்கையும் தோலையும் போட்டு வளர்த்த பன்றியைச் சந்தையில் விற்று, அந்தக் காசைக் கொண்டுபோய் நிலச்சுவான்தாரின் காரியக்காரரிடம் கட்டினால்தான் அடுத்த ஆண்டும் அந்தக் கூரையின் கீழ் இருக்க முடியும். வாடகை கட்டும் துரை என்றே அயர்லாந்தில் பன்றியைக் குறிப்பிடுவார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'வெறும் இரண்டு பன்றிகள்' என்ற சொற்றொடர் நம்மை ஏமாற்றிவிடக்கூடும். 1840 டிசம்பரில் களவுபோன அந்த இரண்டு பன்றிகளின் மதிப்பு சுமார் ஆறு பவுண்டு. ஒரு நாள் கூலி ஒரு ஷில்லிங்கைக்கூட எட்டாத ஊரில் ஆறு பவுண்டு, அதாவது 120 ஷில்லிங், என்பது பல மாதக் கூலி. பன்றியைப் பறிகொடுத்தவருக்கு அது தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பற்றிய விஷயம். ஆகவே திருட்டு சிறியதன்று. ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்ட தண்டனை, அளவிலும் தன்மையிலும், இன்றைக்கு எண்ணிப் பார்த்தாலும் மனத்தை வருத்துகிறது. 1841 தொடக்கத்தில் கேஷல் நகரில் நடந்த விசாரணையில் அவருக்கு ஏழாண்டுத் தீவாந்தரம், அதாவது கடல் கடந்த தொலைநாட்டுக்குக் கடத்தும் தண்டனை, விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபது, இருபத்தொன்று.

கால்நடைத் திருட்டை அக்காலச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் 1741இல் இயற்றிய சட்டம் ஆடு திருடினால் தூக்கு என்றது. மறு ஆண்டு மாடுகளும் அதில் சேர்ந்தன. குதிரைத் திருட்டோ அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. வேலியற்ற மேய்ச்சல் நிலத்தில் விடப்படும் பிராணியை இரவில் ஓட்டிச் செல்வது எளிது, பிடிப்பது கடினம். முறையான காவல்துறை இல்லாத காலத்தில் அச்சம் ஒன்றே காவல் என்று நிலவுடைமையாளர்கள் நிறைந்த நாடாளுமன்றம் எண்ணியது. தூக்கு விதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதைக் குறைத்துக் கப்பலேற்றுவது வழக்கமாயிற்று. 1832இல்தான் குதிரை, மாடு, ஆடு ஆகியவற்றின் திருட்டுக்கு மரண தண்டனை நீக்கப்பட்டது. பன்றி இந்தக் கொடும்பட்டியலில் இல்லை; அது சாதாரணத் திருட்டு. சாதாரணத் திருட்டுக்கு ஏழாண்டுக் கடத்தல் என்ற அளவு 1718ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பழகிப்போன ஒன்று. முதலில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். 1775இல் அங்கே போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. பயனற்ற பழைய கப்பல்களைத் தேம்ஸ் ஆற்றில் நிறுத்திச் சிறையாக்கிப் பார்த்தார்கள். கடைசியில் 1788 முதல் சிட்னி. அதே அரசு சென்னை மாகாணத்துக் கைதிகளைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிக் காடு வெட்டவும் சாலை போடவும் வைத்ததைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். முறை ஒன்றுதான், கடல்தான் வேறு.

இனி, அவர் போராளியா என்ற கேள்வி. நிலச்சுவான்தார் ஒருவரைச் சுட முயன்றார், அதற்காகவே கடத்தப்பட்டார் என்ற கதை மகனின் புகழ் பரவிய பிறகு பலர் வாயில் வழங்கியது. வழக்குப் பதிவில் இருப்பது பன்றிகள் மட்டுமே. டிப்பரரி அக்காலத்தில் நிலத் தகராறுகளுக்கும் இரவுத் தாக்குதல்களுக்கும் பேர்போன மாவட்டம் என்பது உண்மை. சுட முயன்ற வழக்காக இருந்திருந்தால் அதை ஏழாண்டோடு விட்டிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. அரசியல் கைதி என்றால் எப்படி நடத்தினார்கள் என்பதற்கு அதே வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது. 1848இல் டிப்பரரியின் பாலிங்கேரியில் எழுந்து உடனே அடங்கிய கிளர்ச்சிக்காக வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன், தாமஸ் பிரான்சிஸ் மேஹர் முதலியோருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு அதைத் தீவாந்தரமாக மாற்றி, கெல்லி அனுப்பப்பட்ட அதே வான் டீமன் தீவுக்கு, அதாவது இன்றைய டாஸ்மேனியாவுக்கு, 1849இல் அனுப்பினார்கள். படித்தவர்களும் பெருங்குடும்பத்தவருமான அவர்களில் பலர் தப்பியோட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தனித்தனி ஊர்களில் வீடெடுத்து வாழ்ந்தார்கள். மேஹர் அமெரிக்காவுக்குத் தப்பினார், ஓ'பிரையன் மன்னிப்புப் பெற்று அயர்லாந்து திரும்பினார். பன்றி திருடியவருக்கு வாக்குறுதியும் இல்லை, வாடகை வீடும் இல்லை. கெல்லியைப் போராளியாக்க விரும்புகிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் பசியாலோ பேராசையாலோ தவறிய ஓர் ஏழை இளைஞனுக்கு இவ்வளவு பெரிய தண்டனை ஏன் என்று கேட்பதற்கு, அவனைப் புரட்சிக்காரனாக்க வேண்டிய தேவையே இல்லை.

'பிரின்ஸ் ரீஜென்ட்' என்ற கப்பலில் 1841இல் அயர்லாந்தை விட்ட கெல்லி, 1842 ஜனவரி 2ஆம் நாள் வான் டீமன் தீவின் ஹோபார்ட் நகரில் இறங்கினார். கைதிக் கப்பல் என்றதும் நம் மனத்தில் எழும் கோரக் காட்சி, 1790இல் சிட்னிக்கு வந்த இரண்டாவது கப்பல் தொகுதிக்குப் பொருந்தும். அதில் ஏறிய ஏறத்தாழ ஆயிரம் பேரில் நாலில் ஒருவர் வழியிலேயே மாண்டார். ஏற்றிய தலைக்குக் காசு என்று கப்பல் நடத்தியவரோடு ஒப்பந்தம் போட்டிருந்ததால், இறங்குகிறவர் உயிரோடிருக்கிறாரா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. கெல்லியின் காலத்தில் நிலைமை வேறு. ஒவ்வொரு கப்பலிலும் கடற்படை மருத்துவர் ஒருவர் கைதிகளுக்குப் பொறுப்பாளராக வந்தார். மேல்தளத்துக்குக் கொண்டுவந்து காற்று வாங்க விடுவது, படுக்கைகளை வெயிலில் போடுவது, எலுமிச்சைச் சாறு கொடுப்பது, கீழ்த்தளத்தைத் தேய்த்துக் கழுவுவது எல்லாம் அவர் கட்டளை. நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இறப்பு நேர்ந்தது. ஆயினும் மாதக்கணக்கில் தளத்தின் கீழ் மரப்பலகையில் நால்வர் ஐவராக நெருக்கிப் படுத்து, புயலடிக்கும்போது மூடிய கதவின் கீழ் இருட்டில் கிடந்து, கரையே காணாமல் பயணம் செய்வது, தன் மாவட்டத்தைத் தாண்டியிராத ஒரு கிராமத்து இளைஞனுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம்தான் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹோபார்ட்டில் நங்கூரம் இட்டதும் எழுத்தர்கள் கப்பலேறினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உலகில் வேறெங்கும் ஏழை மக்களைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்த பதிவேடுகள் அரிது. கைதிகளை ஒவ்வொருவராக அழைத்து, உயரம் அளந்து, முடி, புருவம், கண், மூக்கு, வாய், மோவாய் எனத் தனித்தனிக் கட்டத்தில் நிறமும் வடிவும் எழுதினார்கள். தழும்பு எங்கே, பச்சை குத்தியிருப்பது எந்தக் கையில், என்ன எழுத்து என்றெல்லாம் குறித்தார்கள். பெற்றோர் பெயர், உடன்பிறந்தோர், செய்த தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். செய்த குற்றத்தை உன் வாயாலேயே சொல் என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி, ஊரிலிருந்து வந்த தாளோடு ஒப்பிட்டார்கள். முரண்பட்டால் அது பொய்க்கு அத்தாட்சி. அதற்குக் கீழே வெற்றிடம் விட்டார்கள். பிற்காலத்தில் குடித்தால், முதலாளியை எதிர்த்துப் பேசினால், இரவில் இருப்பிடம் தவறினால், அந்தக் குற்றமும் அதற்குக் கிடைத்த கசையடியும் தனிச்சிறையும் தேதியோடு அந்த இடத்தில் ஏறும். ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடிக்கச் செய்த ஏற்பாடுதான் இது; அன்பால் செய்ததன்று. ஆனால் சொந்த ஊரில் ஞானஸ்நானப் பதிவைத் தவிர வேறு எழுத்தில் ஏறியிராத மனிதர்களின் முகம் இன்றைக்கும் நமக்குத் தெரிவது இந்தப் பதிவேடுகளால்தான். ஆஸ்திரேலியாவின் கைதிப் பதிவுகளை 2007இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.

கெல்லி வந்து சேர்ந்த ஆண்டு அவருக்கு வாய்த்த ஒரு துரதிர்ஷ்டம். அதற்கு முன்பு வரை, வந்திறங்கிய கைதியைக் குடியேறிய பண்ணையார் ஒருவரிடம் வேலைக்கு ஒப்படைத்துவிடுவார்கள். அந்த முறையில் நல்ல முதலாளி கிடைத்தவன் பிழைத்தான், கொடியவனிடம் அகப்பட்டவன் அடிமைபோல் உழைத்தான். அது அடிமைமுறையேதான் என்று 1838இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மோல்ஸ்வொர்த் குழு அறிக்கை கொடுத்தது. 1840இல், சிட்னி இருந்த நியூ சவுத் வேல்ஸுக்குக் கடத்துவது நிறுத்தப்பட்டது. கப்பல்கள் எல்லாம் வான் டீமன் தீவை நோக்கித் திரும்பின. ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் என்று அந்தச் சிறு தீவில் கைதிகள் குவிந்தார்கள். ஒப்படைப்புக்குப் பதிலாகப் படிமுறைத் திருத்தம் என்ற புதிய திட்டம் வந்தது. முதலில் காட்டுக்குள் அமைத்த முகாமில் கும்பலாக உழைப்பு. மரம் வெட்டுதல், கல் உடைத்தல், சாலை போடுதல், இடையிடையே வழிபாடும் எழுத்துப் பயிற்சியும். அதில் ஒழுங்காக இருந்து தேறினால் அனுமதிச் சீட்டோடு வெளியே போய்க் கூலிக்கு வேலை செய்யலாம். அதற்கும் அடுத்த படி விடுப்புச் சீட்டு. குறித்த ஒரு வட்டாரத்துக்குள் தன் விருப்பப்படி உழைத்துப் பிழைக்கலாம், ஆனால் அனுமதியின்றி எல்லை தாண்டக் கூடாது, ஆள் கணக்கெடுக்கும்போது தவறாமல் வந்து நிற்க வேண்டும், நடத்தை கெட்டால் சீட்டைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஏட்டில் இது அழகான திட்டம். நடைமுறையில், முகாமைவிட்டு வெளியே வந்த ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கத் தீவில் ஆள் இல்லை. 1840களின் தொடக்கத்தில் கம்பளி விலையும் தானிய விலையும் வீழ்ந்து பண்ணைகள் தத்தளித்துக்கொண்டிருந்தன. அரசே கைதிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், 1846இல் ஆண் கைதிகளை அங்கே அனுப்புவதை இரண்டாண்டுக்கு நிறுத்திவைத்தது. கெல்லி தம் தண்டனைக் காலத்தைக் கழித்தது இந்தக் குழப்பத்தின் நடுவில். பெரிய குற்றம் எதிலும் சிக்காமல், படிகளைக் கடந்து, 1848 ஜனவரியில் விடுதலைச் சான்றிதழ் பெற்றார். தண்டிக்கப்பட்ட நாளிலிருந்து சரியாக ஏழாண்டு.

அந்த ஏழாண்டில் டிப்பரரியில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1845இல் உருளைக்கிழங்குச் செடியில் அழுகல் நோய் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள். கிழங்கு இல்லாததால் பன்றியும் இல்லாமற்போயிற்று, பன்றி இல்லாததால் வாடகையும் இல்லாமற்போயிற்று, வாடகை கட்டாத குடிசைகளின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அந்நாட்களில் ஆடு மாடு திருடிப் பிடிபட்ட சிலர், கடத்தப்பட்டால் சோறாவது கிடைக்கும் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்கள். தண்டனை பெற்று வந்த கெல்லிக்கு ரொட்டியும் இறைச்சியும் அளந்து கொடுத்த அதே ஆண்டுகளில், குற்றமே செய்யாத அவருடைய ஊரார் வழியோரத்தில் விழுந்து செத்தார்கள். கடத்தல் அவருக்கு நன்மை செய்தது என்று இதைக் கொண்டு வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. ஒரே அரசின் ஒரு கை செய்த கொடுமையை மறு கை செய்த பெருங்கொடுமையோடு ஒப்பிட்டுச் சிறியது என்று சொல்வது நீதியாகாது.

விடுதலைச் சான்றிதழ் கிடைத்ததும் ஊர் திரும்பலாமே என்று கேட்கத் தோன்றும். சட்டப்படி அவர் திரும்பலாம். ஆனால் அனுப்பும்போது கப்பல் செலவைக் கொடுத்த அரசு, திரும்பும்போது ஒரு காசும் கொடுக்காது. அயர்லாந்துக்கு ஒரு பயணச் சீட்டின் விலையைக் கூலிக்காரர் ஒருவர் சேர்ப்பது ஏறக்குறைய முடியாத காரியம்; சேர்த்தாலும் 1848இல் திரும்பிப் போக அங்கே என்ன மிச்சம் இருந்தது? ஏழாண்டு என்று எழுதிய தண்டனை நடைமுறையில் ஆயுள் முழுதுக்குமாக முடிந்தது இப்படித்தான். கடத்தப்பட்டவர்களில் சொந்த மண்ணை மறுபடி மிதித்தவர்கள் மிகச் சிலரே.

கெல்லி கடலைக் கடந்தார், ஆனால் வடக்கே, பாஸ் நீரிணையைத் தாண்டி, இன்றைய விக்டோரியா மாநிலமான போர்ட் பிலிப் பகுதிக்கு. அங்கே மெல்போர்னுக்கு வடக்கிலுள்ள வாலன் வாலனில் ஜேம்ஸ் க்வின் என்ற விவசாயியிடம் வேலைக்குச் சேர்ந்தார். க்வின் குடும்பமும் அயர்லாந்திலிருந்து, வடக்கே ஆன்ட்ரிம் பகுதியிலிருந்து வந்ததுதான். வந்த ஆண்டும் 1841தான். ஆனால் அவர்கள் குடியேற்ற உதவி பெற்று வந்த சுதந்திரக் குடிகள். ஒரே ஆண்டில் ஒரே நாட்டை விட்டு ஒரே திசையில் வந்த இரு கப்பல்களில் ஒன்றில் ஏறியவர்கள் குடியானவர்களாகவும் மற்றொன்றில் ஏறியவர் குற்றவாளியாகவும் இறங்கினார்கள். அந்த வேறுபாட்டைப் போர்ட் பிலிப் மக்கள் ஒருநாளும் மறக்கவில்லை. வான் டீமன் தீவிலிருந்து வருகிறவன் என்றாலே சந்தேகம். 1852இல் விக்டோரியா, தண்டனை முடியாத அத்தீவுக் கைதிகள் உள்ளே வராமல் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியது. அப்படிப்பட்ட ஒருவருக்குப் பெண் கொடுக்க க்வினுக்கு மனமில்லை என்பதே குடும்பத்தில் வழங்கிவந்த செய்தி. ஆயினும் 1850 நவம்பர் 18ஆம் நாள் மெல்போர்ன் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் முப்பது வயது ஜான் கெல்லிக்கும் பதினெட்டு வயது எல்லன் க்வினுக்கும் திருமணம் நடந்தது.

அடுத்த ஆண்டே விக்டோரியாவில் தங்கம் கண்டுபிடித்தார்கள். 1851இல் சுமார் 77,000 பேர் இருந்த காலனியில் பத்தே ஆண்டில் 5,40,000 பேர் ஆனார்கள். கெல்லியும் தோண்டப் போனார். பெரும் செல்வம் எதுவும் கிட்டவில்லை, ஆனால் பெவரிட்ஜ் என்ற ஊரில் சொந்தமாகச் சிறிது நிலம் வாங்கப் போதுமானது கிடைத்தது. டிப்பரரியில் அவருடைய முன்னோருக்கு வாய்த்திராத சொந்த நிலம் அது. 1859இல் அங்கே அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. விக்டோரியாவின் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று. மரத்தால் எழுப்பிய சுவர், நடுவில் கருங்கல் அடுக்கிய கணப்பு. அது ஆஸ்திரேலியக் குடியானவர் வீடுபோல் இல்லாமல் அயர்லாந்துக் கிராமத்துக் குடிசையின் அமைப்பிலேயே இருப்பதாகக் கட்டடக் கலை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இருபது வயதில் விட்டுவந்த ஊரின் வீட்டை முப்பத்தொன்பது வயதில் கையாலேயே மீண்டும் கட்டியிருக்கிறார். அவருடைய மனத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த சான்றுகளில் இதைவிடத் தெளிவானது வேறில்லை என்று நினைக்கிறேன். அவர் கைப்பட எழுதிய கடிதத்தைவிட இது எனக்கு நம்பகமாகத் தோன்றும்.

கால்நடை திருடி வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் வாழ்ந்தார்களா என்றால், இல்லை. இரண்டு பேரை அவசியம் சொல்ல வேண்டும். லங்காஷயரில் பிறந்த மேரி ஹேடாக், ஆண் வேடத்தில் ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரோடு குதிரை திருடிய வழக்கில் 1791இல் ஏழாண்டுத் தண்டனை பெற்று, 1792 அக்டோபரில் 'ராயல் அட்மிரல்' கப்பலில் சிட்னிக்கு வந்தபோது அவருக்கு வயது பதினைந்து. 1794இல், பின்னாளில் வணிகரான தாமஸ் ரீபி என்ற இளைஞரை மணந்தார். 1811இல் கணவர் இறந்தபோது ஏழு குழந்தைகளும் கப்பல்களும் கிடங்குகளும் அவர் கையில் இருந்தன. அவற்றை அவர் இன்னும் பெருக்கினார். 1817இல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி தொடங்கியது அவருக்குச் சொந்தமான கட்டடத்தில்தான். 1994 முதல் ஆஸ்திரேலியாவின் இருபது டாலர் நோட்டில் இருக்கும் பெண்மணி அவரே. இன்னொருவர் ஐசக் நிக்கல்ஸ். வில்ட்ஷயரில் கழுதை திருடியதற்காக 1791இல் வந்து சேர்ந்தவர். 1809இல் சிட்னியின் முதல் அஞ்சல் அதிகாரி ஆனார். அதுவரை கப்பல் வந்தால் ஊரே திரண்டு ஏறி அவரவர் கடிதத்தை அள்ளிக்கொண்டிருந்தது. அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஒரு முன்னாள் கைதியிடம் நம்பிக் கொடுத்தார்கள்.

இவர்களைக் காட்டி, உழைத்தவன் முன்னேறினான், கெல்லி குடித்துக் கெட்டார் என்று முடித்துவிடுவது எளிது. அது சரியான கணக்கன்று. மேரி ரீபியும் நிக்கல்ஸும் வந்தபோது சிட்னி தொடங்கி நான்கைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. கைகளுக்குப் பஞ்சம், எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு மிகப் பெரும் பஞ்சம், கைதியைத் தவிர வேறு மனிதரே அதிகம் இல்லாத ஊரில் கைதி என்ற வசை எடுபடவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து வந்த கெல்லிக்கு நல்ல நிலம் முழுதும் பெரும் ஆட்டுப்பண்ணையாளர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊரில் சுதந்திரக் குடிகள் பெருகி, கைதியின் பெயர் கறையாகிவிட்டது. அவர் தண்டனை அனுபவித்த தீவே அந்தக் கறையைக் கழுவ 1856இல் டாஸ்மேனியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. எந்த ஆண்டில் வந்தார் என்பது, எப்படிப்பட்டவர் என்பதைவிட ஒரு கைதியின் வாழ்வை அதிகம் தீர்மானித்தது.

பெவரிட்ஜ் நிலம் அவருக்கு நிலைக்கவில்லை. கடன் நெருக்க, 1864இல் குடும்பம் வடக்கே ஏவனல் என்ற ஊருக்குப் போய், ஹியூஸ் ஓடைக்கருகே மறுபடியும் குத்தகைதாரராயிற்று. 1865இல் அவர்மேல் மீண்டும் ஒரு கால்நடை வழக்கு. அடுத்த பண்ணையின் கன்றைத் திருடிக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. வீட்டில் இறைச்சியும் ஒரு தோலும் கிடைத்தன. விக்டோரியாவின் திறந்த மேய்ச்சலில் ஒரு மாடு யாருடையது என்பதற்கு அதன் தோலில் இட்ட சூட்டுக்குறி ஒன்றே சான்று. மாட்டை அறுத்துவிட்டால் இறைச்சி பேசாது, தோல் பேசும். ஆகவே காவலர் முதலில் தேடுவது தோலைத்தான். கெல்லி வீட்டில் கிடைத்த தோலில் சூட்டுக்குறி இருக்க வேண்டிய இடம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. கன்றைத் திருடியதாக மெய்ப்பிக்க முடியவில்லை. தோலைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததற்கு 25 பவுண்டு அபராதம், கட்டத் தவறினால் ஆறு மாதக் கடுங்காவல். டிப்பரரியில் திருடிய இரண்டு பன்றிகளின் விலையைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான அந்தத் தொகை அவரிடம் இல்லை. சிறைக்குப் போனார்.

அவர் அதைச் செய்தாரா என்றால், செய்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன்; வெட்டப்பட்ட தோலுக்கு வேறு நல்ல விளக்கம் இல்லை. ஆனால் வேலியில்லா நிலத்தில் வழிதவறி வரும் கன்றைக் குத்தகைக்காரர் அறுப்பதும், அதே குத்தகைக்காரரின் மாடு பண்ணையார் நிலத்தில் கால் வைத்தால் அதைப் பட்டியில் அடைத்துக் கட்டணம் வாங்குவதும் ஒரே ஊரில் அன்றாடம் நடந்தவை. முன்னதுதான் குற்றம், பின்னது சட்டம். முன்பே ஒரு முறை தண்டிக்கப்பட்டவரின் வீட்டு வாசலுக்கே காவலர் முதலில் வருவார் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

சிறையிலிருந்து வந்தபின் அவர் உடல் தேறவில்லை. குடி ஏற்கெனவே அவரைப் பிடித்திருந்தது. 1866 டிசம்பரில் குடித்து ஊரில் கலகம் செய்ததாகவும் ஓர் அபராதம் விழுந்தது. அதே மாதம் 27ஆம் நாள், கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டாம் நாள், உடலெங்கும் நீர்கோத்து இறந்தார். வயது நாற்பத்தாறு. இறப்பைப் பதிவு செய்து கையெழுத்திட்டது பதினொன்று அல்லது பன்னிரண்டு வயதான மூத்த மகன் நெட். அந்தக் கையெழுத்தைப் பார்க்கும் எவரும், அதற்குப்பின் அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்பதைத் தனியே வைத்துவிட்டு, ஏழு குழந்தைகளோடு நின்ற எல்லனை ஒரு கணம் நினைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எல்லன் மறு ஆண்டு குழந்தைகளோடு வடகிழக்கே க்ரெட்டா என்ற ஊருக்கு, தம் பிறந்த வீட்டார் அருகே போனார். தந்தை இல்லாத அந்த வீட்டில் கால்நடை வழக்குகள் தொடர்ந்தன. நெட் 1871இல் திருட்டுக் குதிரை வழக்கில் மூன்றாண்டுத் தண்டனை பெற்றார். தம்பி ஜிம் பதின்ம வயதுச் சிறுவனாகவே 1873இல் மாட்டுத் திருட்டுக்காக ஐந்தாண்டு உள்ளே போனார். 1878இல் எல்லனும் கைக்குழந்தையோடு சிறை கண்டார். நெட் 1879இல் ஜெரில்டரியில் சொல்லி எழுதுவித்த நீண்ட கடிதத்தில், கைதிகளாக வந்து வதைபட்ட அயர்லாந்துக்காரர்களைப் பற்றிக் கொதிப்போடு பேசுகிறார். 1880 நவம்பர் 11ஆம் நாள் மெல்போர்ன் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஜிம் வேறு வழியில் போனார். தண்டனைகள் முடிந்தபின் க்ரெட்டாவில் பயிர்த்தொழில் செய்து, 1923இல் இறக்கும்வரை தாயைப் பார்த்துக்கொண்டு, எந்த வழக்கும் இன்றி முதுமை எய்தி 1946இல் காலமானார்.